எந்தப் பண்டத்துக்கு எந்தச் சோதனை?

மதிப்புக்கூட்டலில் இறங்கிய உழவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கடைக்காரர் "லேப் ரிப்போர்ட் இருக்கா?" என்கிறார். நாமும் ஒரு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுகிறோம். அங்கே நீளமாக ஒரு பட்டியலை நீட்டுவார்கள். எதில் குறி போடுவது என்று தெரியாமல், விலை குறைவாக இருப்பதில் இரண்டைப் போட்டுவிட்டு வருகிறோம். சில நாளில் "வரம்புக்குள் உள்ளது" என்று தாள் வருகிறது. அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். மூன்றாம் மாதம் கடைக்காரர் போன் பண்ணி, "மூடியெல்லாம் உப்பிப் போச்சுங்க, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்கிறார்.

தாளில் பொய் எதுவும் இல்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

நான் நுண்ணுயிரியல் படித்து, சில வருடம் ஓர் உணவு ஆய்வகத்தில் தட்டு எண்ணிக்கொண்டிருந்தவன். இப்போது முருங்கையும் நிலக்கடலையும் வைத்திருக்கிறேன். எங்கள் குழுவில் தொக்கு, பொடி, சர்பத், செக்கு எண்ணெய் என்று ஆளுக்கொன்று செய்கிறார்கள். "என்ன டெஸ்ட் எடுக்கணும் தம்பி?" என்று வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்க பண்டம் எப்படிக் கெடும் அக்கா?" என்பதைத்தான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சோதனை தானாக அமைந்துவிடும்.

பண்டம் கெடுவதை இரண்டு சங்கதிகள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒன்று புளிப்பு. இன்னொன்று, நுண்ணுயிரின் வாய்க்கு எட்டுகிற தண்ணீர். இந்த இரண்டாவதை ஈரப்பதம் என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். தேனில் 100 கிராமுக்கு 17 முதல் 20 கிராம் வரை தண்ணீர் இருக்கிறது, கெடுவதில்லை. நெல் 13 சதவீத ஈரத்தில் மூட்டையில் கிடக்கும். நிலக்கடலைப் பருப்பு 7 சதவீதத்தைத் தாண்டினாலே பூசணம் பிடிக்க வழி திறந்துவிடும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதை அந்தப் பண்டம் எவ்வளவு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதே கணக்கு. இதை 'வாட்டர் ஆக்டிவிட்டி' என்ற அளவால் சொல்கிறார்கள். சுத்தத் தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே பெருகாது. பூசணங்களில் பெரும்பாலானவை 0.70 வரை தாங்கும். 0.60க்குக் கீழே எதுவும் வளராது. நம்ம பாட்டிமார் உப்பு, வெல்லம், வெயில் மூன்றையும் வைத்துச் செய்ததெல்லாம் இந்த எண்ணைக் கீழே இழுக்கிற வேலைதான். அதனால் "ப்ரிசர்வேடிவ் சேர்க்கவில்லை" என்று லேபிளில் போடும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். உப்பும் புளியும் பின்னே என்னவாம்?

இனி பண்டத்துக்கு வருவோம். எனக்கு அதிகம் பயம் தருவது பூண்டுத் தொக்கு. அதுவும் புளி குறைத்து, எண்ணெய் மிதக்க மிதக்க, "காரம் வேண்டாம், புளிப்பு வேண்டாம்" என்று வாடிக்கையாளர் கேட்டபடி செய்கிற தொக்கு. பூண்டு மண்ணுக்குள் விளைவது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் சாதாரணமாகவே இருக்கும். அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. காற்றில்லாத இடம், புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து நரம்பை முடக்கும் விஷத்தைச் சுரக்கும். எண்ணெய்க்குள் முங்கிய பூண்டு அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைச் சாப்பிட்டவர்கள் இப்படித்தான் கூட்டமாகப் பாதிக்கப்பட்டார்கள். விஷம் கலந்த பண்டத்தில் நாற்றமோ நிறமாற்றமோ தெரியாமல் போகலாம் என்பது இதில் கொடுமை.

இப்போது நாம் குறி போடுகிற சோதனையைப் பாருங்கள். 'டோட்டல் பிளேட் கவுன்ட்' என்பது மாதிரியைக் கரைத்து, அகார் ஊற்றிய தட்டில் விட்டு, 30 டிகிரியில் 72 மணி நேரம் காற்றோடு வைத்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவது. காற்றைக் கண்டால் வளராத கிருமி அந்தத் தட்டில் எப்படித் தெரியும்? தொக்குக்கு அந்தத் தாளில் "10க்கும் குறைவு" என்று வந்தாலும் இந்த ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. இங்கே உதவுவது புளிப்பை அளப்பது. பிஎச் 4.6க்கு மேல் போகாமல் இருந்தால் அந்த வித்து முளைத்து விஷம் சுரக்காது. நான் எங்கள் குழுவில் 4.2க்குக் கீழே என்று வைத்திருக்கிறேன், கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும் என்று.

கையடக்க பிஎச் மீட்டர் ஒன்றைச் சில ஆயிரத்துக்குள் வாங்கிவிடலாம். குழுவுக்கு ஒன்று போதும். 4, 7 என்ற இரண்டு கரைசல்களில் வைத்துச் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும். எண்ணெய் முனையில் படிந்தால் தப்புக் காட்டும். ஆகவே மேலே நிற்கும் எண்ணெயை வடித்துவிட்டு, பூண்டுப் பல்லை நசுக்கி அளக்க வேண்டும். அதுவும் செய்த அன்றைக்கு அல்ல. புளி பல்லின் நடுவரைக்கும் இறங்க நேரம் பிடிக்கும், மறுநாள் அளப்பதே சரி. ஒவ்வொரு அடுப்புக்கும் இதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தக்காளித் தொக்கு செய்பவர்களும் இதில் சேர்த்திதான். நன்றாகப் பழுத்த தக்காளி சில சமயம் 4.6ஐத் தாண்டிவிடும்.

பொடி வகை நேர் எதிர். முருங்கை இலைப்பொடியில் எதுவும் வளராது, ஆனால் உள்ளே வந்தது சாகாமல் கிடக்கும். சால்மொனெல்லா காய்ந்த பொடியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதில் இயற்கை உழவர்கள் நாம் கூடுதலாக யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாணமும் கோமியமும் கலந்த கரைசலை இலையில் தெளித்துவிட்டு, நாலாம் நாள் அதே இலையைப் பறித்து நிழலில் உலர்த்தினால், குடலில் வாழ்கிற ஈகோலியும் சேர்ந்துதான் உலரும். மண்ணுக்கு அமுதமானது பொடிக்கு ஆகாது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியில், மக்காத சாணத்தைப் போட்ட பிறகு அறுவடைக்கு 90 நாள் இடைவெளி கேட்கிறார்கள், விளைச்சல் மண்ணைத் தொடுவதாக இருந்தால் 120 நாள். நான் இலைக்காக விட்ட மரங்களுக்குக் கரைசலை வேரில் மட்டும்தான் ஊற்றுகிறேன்.

ஆக பொடிக்குக் கேட்க வேண்டியவை ஈகோலி, சால்மொனெல்லா, கூடவே வாட்டர் ஆக்டிவிட்டி. சால்மொனெல்லா சோதனையில் எண்ணிக்கை வராது. 25 கிராமை ஊட்டக் கரைசலில் வளர்த்து, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். ஒரு பாக்கெட் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் சரக்கில் பத்துக்கு ஒரு பாக்கெட் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் சோதித்தால் 100க்கு 90 தடவை "இல்லை" என்றே வரும். ஐந்தைச் சோதித்தாலும் 59 தடவை தப்பிவிடும். அதனால்தான் விதிகளில் ஐந்து மாதிரி கேட்கிறார்கள், அதனால்தான் சோதனையை மட்டும் நம்பவும் கூடாது. இலையைக் கழுவி, ஆவியில் காட்டிவிட்டு உலர்த்துவது எந்தச் சோதனையையும்விடப் பெரிய காவல்.

பூசணம் எண்ணுவதிலும் முறை மாறும். ஈரப் பண்டத்துக்கு ஒரு ஊடகம், காய்ந்த பண்டத்துக்கு வேறு ஊடகம். ஐஎஸ்ஓ 21527 என்ற முறையே இரண்டு பாகமாகப் பிரிந்திருக்கிறது. வாட்டர் ஆக்டிவிட்டி 0.95க்கு மேல் இருப்பதற்கு முதல் பாகம், அதற்குக் கீழ் இருப்பதற்கு இரண்டாவது. வறட்சியில் வாழப் பழகிய பூசணத்தைத் தண்ணீரான ஊடகத்தில் போட்டால் அது முளைக்காமலே போகலாம். பட்டை, கிராம்பு, பூண்டு, வெங்காயம் கலந்த பொடிகளில் இன்னொரு சிக்கல். அவையே கிருமியை அடக்கும் குணமுள்ளவை. வழக்கம்போலக் கரைத்துத் தட்டில் விட்டால், தட்டுக்குள்ளும் அடக்கி வைத்து "இல்லை" என்று காட்டிவிடும். கூடுதலாக நீர்க்கச் செய்து பார்க்கணும் என்று ஆய்வகத்தாரிடம் பொடியின் சேர்மானத்தைச் சொல்லிவிடுங்கள். ரகசியம் என்று மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

(தட்டில் ஊற்றுகிற அகார் கடல்பாசியிலிருந்து வருவது. மண்டபம் பக்கத்துப் பெண்கள் முங்கி எடுக்கிற பாசியும் அகாராகிறது. ஜெர்மனியில் 1881 வாக்கில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி தன் சமையலில் ஜெல்லிக்குப் பயன்படுத்தியதை வைத்துச் சொன்ன யோசனை அது. ஆய்வகத்துக்குள் சமையல்கட்டு நுழைந்த கதை.)

செக்கு எண்ணெய்க்கு நுண்ணுயிர் எண்ணிக்கை எடுப்பது வீண் செலவு. தண்ணீரில்லாத எண்ணெயில் எதுவும் பெருகாது. அங்கே பார்க்க வேண்டியது அஃப்ளாடாக்ஸின். இங்கிலாந்தில் 1960இல் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் கண்டுபிடித்த விஷம் இது. பூசணம் செத்தாலும் விஷம் நிற்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஆலை எண்ணெயில் சுத்திகரிப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும், நம்ம செக்கு எண்ணெயில் அந்தக் கட்டம் இல்லை. நம் நாட்டு வரம்பு, பதப்படுத்தப் போகும் கடலைக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அப்படியே சாப்பிடும் கடலைக்கு 10. எண்ணெயைக் கொடுப்பதற்கு முன் கடலையைக் கொடுத்துப் பாருங்கள். சுருங்கியதையும் சொத்தையையும் கையால் பொறுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

நெல்லிச்சாறு, நன்னாரி சர்பத் செய்பவர்களுக்குப் பகைவன் ஈஸ்ட். மூடி உப்புவது அதன் வேலைதான். புளிப்பையும் சர்க்கரையையும் தாங்குகிற ஈஸ்ட் வகைகள் உண்டு. சூடாக நிரப்பிய பாட்டிலுக்குள் ஆவி குளிர்ந்து மேலே சொட்டுச் சொட்டாக நிற்கும். அந்த இடத்தில் சர்பத் நீர்த்துப்போய் ஈஸ்ட் அங்கேதான் முதலில் தொடங்கும். நிரப்பிய அன்றைக்குக் கொடுக்கிற சோதனை எப்போதும் சுத்தமாகத்தான் வரும், இப்போதுதானே கொதித்தது! ஒரே அடுப்பின் பாட்டில்களை 0, 30, 60, 90 நாள் என்று கொடுத்து ஈஸ்ட், பூசண எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், நான்கு தாளும் சேர்ந்து ஆயுளைச் சொல்லும். சில இடங்களில் "45 டிகிரியில் வைத்துச் சீக்கிரம் பார்த்துடலாம்" என்பார்கள். நிறம் மாறுவதையும் சிக்கு வாடையையும் அப்படிப் பார்க்கலாம். ஈஸ்டும் பெரும்பாலான பூசணமும் 25, 30 டிகிரியில் சுகமாக இருப்பவை, 45 டிகிரியில் ஒடுங்கிவிடும். அந்தச் சோதனையில் பாட்டில் பாஸ் ஆகும், கடை அலமாரியில் பெயிலாகும்.

கற்றாழைக் குழைவு, ஷாம்பு செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தண்ணீர் சேர்ந்த அந்தப் பண்டங்களில் விரல் விட்டு எடுத்துப் புழங்குவார்கள். வேண்டுமென்றே கிருமியை ஏற்றி 28 நாள் கவனிக்கிற ஐஎஸ்ஓ 11930 சோதனைதான் அங்கே பேசும். செலவு அதிகம். அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால் தண்ணீரில்லாத சீயக்காய்ப் பொடியாகவே விற்பது நல்லது என்பது என் கருத்து.

ஆய்வகத்துக்குப் போகும்போது, என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அங்கீகாரம் சோதனைவாரியாகக் கொடுப்பது. நமக்கு வேண்டிய சோதனை, நம்ம பண்டத்துக்கு, அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் முறையின் எண் அச்சிட்டு வரவேண்டும். மாதிரியைப் பிரிக்காத பாட்டிலாகவே கொடுங்கள், வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஐந்து பாட்டிலைத் தேதி எழுதி வீட்டிலேயே, கடை அலமாரி மாதிரி வெளிச்சமும் சூடும் படுகிற இடத்தில் வையுங்கள். மாதம் ஒன்றைத் திறந்து பிஎச் பாருங்கள், மோந்து பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். கடைக்காரர் போன் பண்ணுவதற்கு முன்னால் அந்தப் பாட்டில் சொல்லிவிடும்.