ஈசினோபிலைக் கூட்டும் புரதம்

ஆஸ்துமா உள்ள பலருடைய சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடக்கும். எலும்பு மஜ்ஜையில் அவற்றை வளர்த்து, ரத்தத்துக்கு அனுப்பி, சீக்கிரம் சாகாமல் காப்பது இன்டர்லூக்கின்-5 என்ற புரதம். நோய் எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்களில் இதுவும் ஒன்று. குடற்புழு வந்தால் பயன்படும் இந்தச் செய்தி, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தூசி பட்டாலே கிளம்பிவிடுகிறது.

இதை மடக்கினால் ஆஸ்துமா அடங்கும் என்று நம்பி, மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்தை உருவாக்கினார்கள். 2000இல் ‘லான்செட்’ இதழில் ஆய்வு முடிவு வந்தது. ஈசினோபில் வெகுவாகக் குறைந்திருந்தது. மூச்சுக்குழாய் சுருங்குவது மட்டும் குறையவில்லை. 2007இல் 362 பேரிடம் நடந்த ஆய்வும் கைகொடுக்கவில்லை. மருந்தின் கதை அத்துடன் முடிந்திருக்கலாம்.

முடியவிடாமல் காத்தது சளிப் பரிசோதனை. இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் இருந்த இரு குழுக்கள், ஸ்டீராய்டு எடுத்தும் ஈசினோபில் அடங்காதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தன. 2009இல் இரண்டு முடிவுகளும் வெளியாயின. லெஸ்டரில், கடுமையான மூச்சிரைப்பு ஓர் ஆண்டில் சராசரியாக 3.4 முறை வந்த இடத்தில், மருந்து எடுத்தவர்களுக்கு 2 முறையே வந்தது. ஹாமில்டனில் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவையே குறைக்க முடிந்தது. எலும்பைத் தேய்த்து, சர்க்கரையை ஏற்றிவிடும் மாத்திரை அது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வெற்றி. 2015இல் அமெரிக்கா மருந்துக்கு அனுமதி தந்தது.

மருந்தும் அதேதான், புரதமும் அதேதான். மாறியது யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு. ஆஸ்துமா என்ற ஒரே பெயரில் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே சீட்டை எழுதுவது நியாயமில்லை.

இந்த ஊசி இன்னும் சாமானியருக்கு எட்டாத விலையில்தான் இருக்கிறது. ஈசினோபில் எண்ணிக்கையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ சாதாரண ஆய்வகத்திலும் உண்டு. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் இரைப்பு அடங்காதவர்கள், அடுத்த முறை போகும்போது அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். புழுத்தொல்லையாலும் அது கூடும்; ஸ்டீராய்டு மாத்திரையால் குறைந்தும் காட்டும். எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் சொல்லிவிடுங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.