ஹார்னை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

மாசி மாதம் குமரி மாவட்டத்தின் மண்டைக்காட்டை நோக்கிப் போகும் சாலைகள் நிரம்பி வழியும். பகவதி அம்மன் கோயிலின் பத்து நாள் கொடைக்கு இருமுடி சுமந்த பெண்கள் கேரளத்திலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வருவார்கள். திங்கள்நகர் வழியாக வரும் பேருந்துகள், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கமிருந்து கடலோரச் சாலையில் வரும் வேன்கள், ஓரமாக நடந்து வரும் கூட்டம், இடையிடையே மீன்பெட்டி கட்டிய மொபெட்டுகள். இந்த நெரிசலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தோன்றும் எண்ணம் ஒன்று உண்டு: "நம்ம ஹார்ன் யாருக்குமே கேக்கல, பெரிசா ஒண்ணு மாட்டணும்."

மாட்டலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால், எந்த ஹார்ன், எப்படி மாட்டுவது, எங்கே எல்லை என்பதை அறிந்து மாட்ட வேண்டும். அதற்கும் முன்னால், இருக்கிற ஹார்னுக்கு வேண்டிய மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் குறைவதற்கு அதுவே பொதுவான காரணம்.

ஒலி பிறக்கும் விதம்

சாதாரண மின் ஹார்னுக்குள் இருப்பவை மூன்று: ஒரு கம்பிச் சுருள், ஒரு மெல்லிய எஃகுத் தகடு, ஒரு ஜோடி பாயின்ட். பொத்தானை அழுத்தியதும் சுருள் காந்தமாகித் தகட்டை இழுக்கும். உள்ளே வரும் தகடு பாயின்ட்டைப் பிரித்துச் சுருளுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். காந்தம் போனதும் தகடு பழைய இடத்துக்குத் திரும்பும், பாயின்ட் மறுபடி சேரும். இந்த இழுப்பும் விடுப்பும் விநாடிக்கு ஏறத்தாழ 400 முறை நடக்கும். அந்த அதிர்வுதான் நாம் கேட்கும் ஒலி.

பைக்குகளில் பெரும்பாலும் வருவது தட்டையான வட்ட ஹார்ன். அதன் ஒலி கூர்மையானது. கார்களில் பரவலாக உள்ளது நத்தை ஓடுபோலச் சுருண்ட 'விண்ட்டோன்' ஹார்ன். அதிர்வு சுருள் குழல் வழியே வெளிவருவதால் ஒலி கனமாக இருக்கும். ஒன்று தாழ்ந்த சுருதி, மற்றொன்று உயர்ந்த சுருதி என்று இது ஜோடியாக விற்கப்படும். விநாடிக்கு 400 அதிர்வும் 500 அதிர்வும் கொண்ட ஜோடி உண்டு. இந்த 4:5 விகிதம் நம் சங்கீதத்தில் ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள உறவு. ஒரே சுருதியில் ஒலிக்கும் ஒற்றை ஹார்னைவிட இரண்டும் சேர்ந்து ஒலிப்பது இனிமையாகவும் இருக்கும், தெரு இரைச்சலில் தனித்தும் கேட்கும்.

ஹார்ன் தயாரிக்கும் தொழிலில் தமிழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கே. ராமசாமி 1970-இல் தொடங்கிய கோயம்புத்தூரின் ரூட்ஸ் குழுமம் இந்தியாவின் முன்னணி ஹார்ன் தயாரிப்பாளர்களில் ஒன்று. இந்தியாவின் மற்றொரு பெரிய பெயரான மிண்டா, 2013-இல் ஸ்பெயினின் கிளார்ட்டன் ஹார்ன் நிறுவனத்தையே வாங்கியது.

உப்புக் காற்றின் வேலை

கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு உள்நாட்டு வண்டிக்கு இல்லாத தொல்லை ஒன்று உண்டு. உப்பு ஈரம் செம்பு முனைகளில் களிம்பு ஏற்றும். சேஸிஸில் முறுக்கிய எர்த் போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பாயின்ட்டின் முகத்தையும் அரிக்கும். அதனால் பேட்டரியில் முழு வோல்ட் இருந்தும் ஹார்னுக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். தகட்டின் வீச்சு சுருங்க, ஒலி அடைத்த தொண்டையிலிருந்து வருவதுபோல் ஆகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். பிறகு ஹார்னை அழுத்தியபடி அதன் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். அங்கே இரண்டு, மூன்று வோல்ட் குறைந்தால் இழப்பு வழியில் இருக்கிறது: சுவிட்சில், கப்ளரில் அல்லது எர்த்தில். முனைகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே சிறிது வாஸ்லின் தடவினாலே பழைய குரல் திரும்பிவிடக்கூடும்.

வோல்ட் சரியாக இருந்தும் குரல் கம்மினால், பல ஹார்ன்களின் பின்புறம் உள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கலாம். பாயின்ட்டின் இடைவெளியை அது சரிசெய்யும். அதற்கும் மசியாவிட்டால்தான் புது ஹார்ன் வாங்கும் செலவு.

ரிலே இல்லாமல் மாட்டாதீர்கள்

பைக்கோடு வரும் ஒற்றை ஹார்ன் இழுக்கும் மின்சாரம் சில ஆம்பியர்தான். விண்ட்டோன் ஜோடி அதைப்போல் பல மடங்கு, எட்டுப் பத்து ஆம்பியர்வரை இழுக்கும். பைக்கின் கைப்பிடி சுவிட்சும் அதன் மெல்லிய ஒயரும் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நேரடியாக இணைத்தால் ஃபியூஸ் போகும். போகாவிட்டால் சுவிட்ச் முனை கருகும். ஒயர் உருகினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

இதற்குத் தீர்வு ரிலே. சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் காந்தச் சுவிட்ச் அது. வண்டிகளுக்கான ரிலேயில் 30, 85, 86, 87 என்று முனைகளுக்கு எண் போட்டிருப்பார்கள். பழைய ஹார்னிலிருந்து கழற்றிய இரண்டு ஒயர்களும் 85, 86-க்குப் போகும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் ஒன்று 30-க்கு வரும். 87-இலிருந்து புது ஹார்ன்களுக்கு ஒரு ஒயர், அங்கிருந்து எர்த்துக்கு இன்னொன்று. ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வழியில் ஒயர் உரசி எர்த் ஆனால் காப்பாற்றப்போவது அதுதான்.

கார்களில் கதை வேறு. பெரும்பாலானவற்றில் ஹார்னுக்கென்று ரிலே ஏற்கெனவே இருக்கும். கையேட்டில் ஹார்ன் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்குள் அடங்கும் ஜோடியை வாங்கினால் போதும். ஸ்டீயரிங்கின் நடுவே ஏர்பேக் இருப்பதால் அந்தப் பக்கம் கைவைக்கக் கூடாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் ஒயரை வெட்டினால் மின்சாதன உத்தரவாதம் போய்விடலாம். வெட்டாமல் செருகும் கப்ளர் வைத்த ஒயரிங் கிட் கடைகளில் கிடைக்கிறது.

பொருத்தும்போது விண்ட்டோனின் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்கும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஹார்ன் உடல் வேறெதையும் தொடாமல் அதன் தகட்டுப் பட்டையில் தொங்க வேண்டும். தொட்டால் அதிர்வு அடங்கிவிடும்.

டெசிபல் கணக்கு

இரண்டு மடங்கு ஹார்ன் என்றால் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைப்பது இயல்பு. காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு ஹார்ன்கள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இரண்டு மடங்கு உரத்ததாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்துவிடும். 7 மீட்டரில் 105 டெசிபல் கேட்பது 28 மீட்டரில் 93 ஆகிவிடும். எனவே கேட்க வேண்டியவருக்கும் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கிடைக்கும் ஒலி ஒன்றல்ல. ஐம்பது மீட்டருக்கு அப்பால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகும் கார்க்காரருக்காக ஏர் ஹார்ன் மாட்டினால், அதன் முழு அடியும் ஓரமாக நடக்கும் மூதாட்டியின் காதில்தான் விழும்.

சட்டம் போட்ட கோடு

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 119-வது விதி எல்லா வண்டிக்கும் தரத்துக்கு உட்பட்ட ஹார்ன் வேண்டும் என்கிறது. வெவ்வேறு சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் ஹார்னையும், அளவுக்கு மீறிக் கடூரமாக, கிரீச்சென்று, திடுக்கிடும்படி ஒலிக்கும் எதையும் அது தடுக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் துறை போன்ற வண்டிகளுக்கு விலக்கு உண்டு. இரண்டு சுருதியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் தரமான ஜோடியில் சிக்கல் இல்லை. பாட்டுப் பாடும் ஹார்ன் தப்பு. இந்திய வாத்திய ஒலிகளைக் கொண்ட ஹார்ன்களைக் கட்டாயமாக்கும் யோசனையை மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-இலும் 2025-இலும் பேசினார். பேச்சுக்காகக் காத்திராமல் இன்றைய விதியைப் பின்பற்றுவதே நல்லது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி, தேவையின்றியோ தொடர்ந்தோ ஹார்ன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். ஒலி மாசு தரத்தை மீறிய வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவின்கீழ் 10,000 ரூபாய்வரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ விதிக்கலாம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் அவசரத்துக்கு அன்றி ஹார்னே அடிக்கக் கூடாது. அமைதி மண்டலங்களில் எந்நேரமும் கூடாது.

எல்லை தாண்டி அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2025 அக்டோபரில் கேரளத்தில் ஏர் ஹார்ன்களுக்கு எதிராகத் தனி வேட்டை நடந்தது. பறிமுதலானவை கொச்சியில் ரோடு ரோலரால் நசுக்கப்பட்டன.

சத்தத்துக்கு ஒரு நேரம், அடக்கத்துக்கு ஒரு நேரம் என்பது மண்டைக்காட்டுக்குச் சட்டம் சொல்லித் தர வேண்டிய செய்தி அல்ல. கொடையின் நிறைவு நாள் நள்ளிரவில் ஒடுக்கு பூஜைக்கான உணவு வகைகள் துணியால் மூடப்பட்டு சாஸ்தா கோயிலிலிருந்து பவனியாக வரும்போது, அத்தனை கூட்டமும் வாய் திறக்காமல் நிற்கும் ஊர் இது.

ஹார்ன் எவ்வளவு தூரம் உதவும்?

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் விநாடிக்கு 11 மீட்டர் கடக்கும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் ஓடுவதால் முன்னால் நடப்பவரின் காதை நொடிப்பொழுதில் எட்டிவிடும். தாமதம் அவருடைய பக்கத்தில்தான்: கேட்டு, திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவு செய்ய ஒன்றரை விநாடியாவது வேண்டும். அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். ஹார்னை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த ஒன்றரை விநாடி சுருங்காது. மிக உரத்த ஒலி கேட்டவரைத் திகைக்க வைத்து அதை நீட்டவும் கூடும்.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் எர்த்தும் முனைகளும், அடுத்து திருகு, அதற்குப் பிறகே ரிலேயுடன் ஒரு தரமான ஜோடி. அதை மாட்டிய பிறகும் வளைவிலும் கூட்டத்திலும் முப்பது, நாற்பது மீட்டருக்கு முன்பே ஒரு சின்ன ஹார்ன் அடித்துவிட்டு விரலை பிரேக்கின் மேல் வைத்துக்கொள்வதுதான் வேலைக்கு ஆகும்.