உல்லாசப் படகும் காப்பீட்டுப் பத்திரமும்

அமெரிக்காவில் காப்பீடு இல்லாத காரைச் சாலையில் ஓட்டுவது ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் குற்றம். படகுக்கு அப்படி இல்லை. ஆர்க்கன்சா, யூட்டா போன்ற வெகுசில மாநிலங்களே 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டிய படகுகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மற்ற இடங்களில் படகுக் காப்பீட்டைக் கேட்பவர்கள் இருவர்: கடன் கொடுத்த வங்கி, படகைக் கட்டிவைக்க இடம் தரும் மரீனா. 3 லட்சம் டாலருக்காவது பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும் என்று பல மரீனாக்கள் நிபந்தனை போடுகின்றன. அந்தச் சான்றிதழைக் காட்டுவதற்காகவே பாலிசி எடுப்பவர்கள் பலர். பத்திரத்தைப் பிரித்துப் படிப்பது படகு மூழ்கிய மறுநாள்தான்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் உல்லாசப் படகு விபத்துகள் 3,844. இறந்தவர்கள் 564 பேர். பொருள் சேதம் சுமார் 6.3 கோடி டாலர். புயலில் கரையோரம் நொறுங்கும் படகுகளின் இழப்பு வேறு வகை. அதன் அளவும் வேறு. 2012 அக்டோபரில் வீசிய சாண்டி புயலில் 65,000-க்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள் சேதமடைந்தன என்றும், இழப்பு 65 கோடி டாலர் என்றும் படகு உரிமையாளர் சங்கமான போட்-யூ.எஸ். மதிப்பிட்டது.

வீட்டுக் காப்பீடு இருந்தாலே போதும், படகும் அதில் அடங்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. துடுப்புப் படகுக்கு வேண்டுமானால் அது சரி. அமெரிக்காவில் வழக்கத்திலுள்ள வீட்டுக் காப்பீட்டுப் படிவத்தில் படகு, டிரெய்லர், எஞ்சின் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைக்கும் உச்சத்தொகை 1,500 டாலர். ஒரு நடுத்தர அவுட்போர்டு எஞ்சினின் விலைக்குக்கூட அது காணாது. தனிப் பாலிசி எடுக்கத்தான் வேண்டும். அதிலும் 26 அல்லது 27 அடிக்கு உட்பட்டவற்றைப் 'படகு' என்றும், அதற்கு மேற்பட்டவற்றை 'யாட்' என்றும் நிறுவனங்கள் பிரிக்கின்றன. பெரும்பாலும் யாட் பாலிசி விரிவானது, விலையும் கூடுதல்.

பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது, படகின் மதிப்பு எப்படிக் கணக்கிடப்படும் என்ற வரி. நம்மூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஐ.டி.வி. (காப்பீட்டில் குறிக்கும் கார் மதிப்பு) என்ற சொல் பழக்கம். ஆண்டுதோறும் தேய்மானம் கழிந்து அது இறங்கிக்கொண்டே வரும். படகில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஒப்புக்கொண்ட மதிப்பு: பாலிசி எடுக்கும் அன்றே இரு தரப்பும் ஒரு தொகையை எழுதிக்கொள்கின்றன; படகு முழுவதுமாகப் போய்விட்டால் அந்தத் தொகை அப்படியே வந்துசேரும். மற்றொன்று, விபத்து நடந்த அன்றைய சந்தை மதிப்பு. இதற்குப் பிரீமியம் குறைவு. ஆனால் 20 வயதான பாய்மரப் படகுக்குச் சந்தை என்ன விலை சொல்லும் என்பதைப் படகு மூழ்கிய பிறகு காப்பீட்டு நிறுவனத்தோடு பேரம் பேசித்தான் தீர்க்க வேண்டும். படகு பழையதாகி, பராமரிப்புக்குக் கைப்பணம் நிறைய இறங்கியிருந்தால் ஒப்புக்கொண்ட மதிப்பே பொருத்தம். சில ஆயிரம் டாலருக்கு வாங்கிய சிறு மீன்பிடிப் படகுக்குச் சந்தை மதிப்பே போதும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்புக்கொண்ட மதிப்பு என்பது முழு இழப்புக்குத்தான். பகுதிச் சேதம் என்றால் பாய், கித்தான் கூரை, அவுட்போர்டு எஞ்சின் போன்றவற்றுக்குத் தேய்மானம் கழித்தே பணம் தரும் பத்திரங்கள் பல. 'பம்பர் டு பம்பர்' என்று கார் முகவர்கள் சொல்வதைப் போன்ற முழு ஈடு வேண்டுமானால், பகுதிச் சேதத்துக்கும் புதுப்பொருள் விலை உண்டா என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, எந்த ஆபத்துக்கு ஈடு என்ற கேள்வி. பெயர் சொல்லிப் பட்டியலிட்ட ஆபத்துகளுக்கு மட்டும் ஈடு தருவது ஒரு வகை. விலக்கியவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஈடு தருவது இன்னொரு வகை. இரண்டாவது வகையே மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பத்திரத்தின் உயிர் விலக்குகளின் பட்டியலில் இருக்கிறது. தேய்மானம், துரு, மெல்ல மெல்ல ஏற்படும் சிதைவு, உற்பத்திக் குறை, எலியும் கடல் உயிரிகளும் செய்யும் நாசம், பனிக்காலத்தில் நீர் உறைந்து எஞ்சின் வெடிப்பது ஆகியவை வழக்கமாக அதில் இருக்கும். பார்ப்பதற்கு நியாயமான பட்டியல்தான். சிக்கல், படகுகள் உண்மையில் எப்படி மூழ்குகின்றன என்பதில் இருக்கிறது.

நடுக்கடலில் அலையோடு போராடி மூழ்கும் படகுகளைவிட, துறையில் கட்டிக் கிடக்கையிலேயே ஆளரவமின்றி மூழ்கும் படகுகளே அதிகம். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ரப்பர் குழாய் இற்றுப்போகும். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்து விடும். சுழலித் தண்டு வெளியேறும் இடத்தில் நீர் கசியும். கசிந்த நீரை இறைக்க வேண்டிய பில்ஜ் பம்ப், பேட்டரி தீர்ந்து நின்றுபோகும். வார இறுதியில் உரிமையாளர் வந்து பார்க்கும்போது பாய்மரத் தண்டு மட்டும் நீருக்கு மேல் நிற்கும். குழாய் இற்றது தேய்மானம். தேய்மானத்துக்கு ஈடு இல்லை. ஆகவே மூழ்கியதற்கும் ஈடு இல்லை என்று மலிவான பத்திரம் கைவிரிக்கும். நல்ல பத்திரம் குழாயின் விலையைத் தராது, அதனால் படகு மூழ்கிய இழப்பைத் தரும். இடைப்பட்ட சில பத்திரங்கள் அந்த இழப்புக்கு ஒரு சிறு உச்சவரம்பு வைத்திருக்கும். தேய்மானத்தின் விளைவாக நேரும் மூழ்கல், தீ, மோதல், தரைதட்டல் ஆகியவற்றுக்கு ஈடு உண்டு என்ற ஒரு வாக்கியம் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, பிரீமியத்தில் 50 டாலர் குறைக்கப் பேரம் பேசுவதைவிட மேலானது.

இந்தச் சச்சரவு புதிதல்ல. 1884-இல் இஞ்ச்மரீ என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பல் நங்கூரமிட்டு நின்றிருந்தபோது, கொதிகலனுக்கு நீரேற்றும் துணைப் பம்பு ஒன்று, வால்வு மூடியிருந்ததால் பிளந்தது. 1887-இல் லண்டன் பிரபுக்கள் சபை அது கடலால் வந்த ஆபத்து அல்ல என்று தீர்ப்பளித்து ஈட்டை மறுத்தது. கப்பல்காரர்கள் கொதித்தெழுந்ததன் விளைவாக, இயந்திரத்தின் மறைவான குறைகளால் வரும் சேதத்துக்கும் மாலுமிகளின் கவனக்குறைவுக்கும் ஈடு தரும் புதிய பிரிவு பிறந்தது. 'இஞ்ச்மரீ பிரிவு' என்ற பெயரில் அது இன்றும் வழங்குகிறது.

விலக்குகளைவிடக் கூரான கத்தி ஒன்று உண்டு: உரிமையாளர் கொடுக்கும் வாக்குறுதிகள். காப்பீட்டு மொழியில் இவற்றுக்கு வாரண்டி என்று பெயர். கடைக்காரர் பொருளுக்குத் தரும் வாரண்டியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படகை வாடகைக்கு விட மாட்டேன், இந்த எல்லைக்குள் மட்டுமே ஓட்டுவேன், தீயணைப்புக் கருவிகளைக் குறித்த காலத்தில் சோதித்துச் சான்று வாங்குவேன் என்று உரிமையாளர் ஒப்புக்கொள்கிறார். வாக்கு தவறினால், அந்தத் தவறுக்கும் நேர்ந்த விபத்துக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் ஈட்டை மறுக்கலாம் என்பது பிரிட்டனின் 1906 கடல் காப்பீட்டுச் சட்டம் எழுதிவைத்த பழைய விதி.

டெக்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் எல்லையிலுள்ள டெக்ஸோமா ஏரியில் 1949-இல் 'வாண்டரர்' என்ற சிறு வீட்டுப் படகு தீப்பிடித்து அழிந்தது. படகைச் சொந்த உல்லாசத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று பத்திரம் சொன்னது. உரிமையாளர்களான சகோதரர்கள் படகைத் தங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றியிருந்தார்கள், அடகும் வைத்திருந்தார்கள், வாடகைக்கும் விட்டிருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. மீறலால்தான் இழப்பு நேர்ந்தது என்றால் மட்டுமே ஈட்டை மறுக்கலாம் என்பது டெக்சஸ் மாநிலச் சட்டம். இத்தகைய வழக்குக்கு மாநிலச் சட்டமே பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955-இல் தீர்ப்பளித்தது. படகுக்காரர்கள் பக்கம் காற்று வீசியது.

காற்று திசை மாறிய கதையும் உண்டு. 2019-இல் புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் அருகே பென்சில்வேனியா நிறுவனம் ஒன்றின் யாட் தரைதட்டியது. காப்பீட்டுத் தொகை 5.5 லட்சம் டாலர் வரை. படகிலிருந்த தீயணைப்புச் சாதனங்களுக்கு உரிய காலத்தில் மறுசான்று பெறவில்லை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் ஈட்டை மறுத்தது. தீ எதுவும் பிடிக்கவில்லை. படகு மோதியது தரையில். உரிமையாளர் பென்சில்வேனியா சட்டத்தின் துணையை நாடினார். காப்பீட்டு நிறுவனமோ, நியூயார்க் சட்டமே செல்லும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும் வரியைக் காட்டியது. 2024 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கடல்சார் ஒப்பந்தங்களில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று எழுதிக்கொண்டார்களோ அதுவே பொதுவாகச் செல்லும் என்றார்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில், ஒருவரும் படிக்காத இடத்தில் இருக்கும் 'பொருந்தும் சட்டம்' என்ற வரிக்கு அன்றுமுதல் தனி எடை வந்துவிட்டது.

வாக்கு தவறினால் ஈட்டை மறுக்கலாம் என்ற அந்தப் பழைய விதியைப் பிறப்பித்த இங்கிலாந்தே 2015 காப்பீட்டுச் சட்டத்தின் மூலம் அதைத் தளர்த்திவிட்டது. இந்தியாவின் 1963 கடல் காப்பீட்டுச் சட்டமோ 1906 மூலத்தை அடியொற்றி எழுதப்பட்டது. சென்னையிலோ கொச்சியிலோ யாட் வாங்கி நிறுத்துபவர்களுக்கும் இந்த வரலாறு அந்நியமானதல்ல.

வாக்குறுதிகளில் அதிகம் மீறப்படுவது பயண எல்லை. பத்திரத்தில் குறித்த நீர்ப்பரப்புக்கு வெளியே போனால் ஈடு இல்லை. பஹாமாஸுக்கு ஒரு வாரம் போய்வர நினைத்தாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி வைப்பதாக ஒப்புக்கொண்டு பிரீமியத்தில் தள்ளுபடி பெறுவார்கள். அந்த மாதங்களில் வெயில் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் நீரில் இறக்கினால் அன்றைக்குக் காப்பீடு கிடையாது.

புளோரிடாவிலும் மெக்ஸிகோ வளைகுடாக் கரையிலும் புயல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பருவத்தின் உச்ச மாதங்களில் படகு குறிப்பிட்ட அட்சரேகைக்கு வடக்கே போய்விட வேண்டும் என்று சில பத்திரங்கள் கேட்கின்றன. வேறு சில, புயல் வந்தால் படகை எங்கே கொண்டுபோய் எப்படிக் கட்டுவீர்கள் என்று எழுத்துத் திட்டம் கேட்கின்றன. எழுதிக் கொடுத்த திட்டமும் வாக்குறுதிதான். பெயரிடப்பட்ட புயலுக்கு உரிமையாளர் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கும் தனி. சாதாரண விபத்துக்குப் படகு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம் என்றால், புயலுக்கு 5 அல்லது 10 சதவீதம். ஒரு லட்சம் டாலர் படகுக்கு இது 10,000 டாலர் வரை போகும். படகை முன்கூட்டியே கரையேற்றும் செலவில் பாதியைத் தானே ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. படகை ஈடுகட்டுவதைவிடக் கிரேன் வாடகை மலிவு என்ற கணக்கு அது.

இழுவையும் மீட்பும் ஒன்றல்ல என்பது தெரியாமல் பணத்தைக் கொட்டியவர்கள் ஏராளம். எஞ்சின் நின்ற படகை அமைதியான நீரில் கயிறு கட்டி இழுத்துவருவது இழுவை. மணிக்கு இவ்வளவு என்று கூலி. ஆபத்தில் சிக்கிய படகை ஒருவர் தானாக முன்வந்து காப்பாற்றினால் அது மீட்பு. அதற்குரிய பரிசு, காப்பாற்றப்பட்ட பொருளின் மதிப்பை ஒட்டித் தீர்மானிக்கப்படும். பரிசை எடைபோடும் ஆறு அளவுகோல்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869-இல் 'பிளாக்வால்' என்ற கப்பலின் வழக்கில் வகுத்தது. இன்றைய உல்லாசப் படகுக்கும் அவைதாம். கயிறு வாங்குமுன் "இது இழுவையா, மீட்பா?" என்று கேட்டுவிட வேண்டும். மீட்புச் செலவு படகின் மதிப்புக்கு மேல் தனியாகக் கிடைக்குமா, அந்த மதிப்பிலிருந்தே கழிக்கப்படுமா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிக்கும் பத்திரம் என்றால், சிதைந்த படகைத் தூக்கிய பிறகு உரிமையாளர் கையில் மிஞ்சுவது சொற்பம்.

பொறுப்புக் காப்பீட்டின் பக்கமும் இப்படித்தான். மூழ்கிய படகைக் கப்பல் வழியிலிருந்து அகற்ற வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 1899-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு வந்த 1990 சட்டம் பெரிய டேங்கர்களோடு நிற்கவில்லை. டீசலைக் கசியவிட்ட சிறு படகின் உரிமையாளரும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் தனித் தொகை பத்திரத்தில் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு வைத்த மாலுமிக்கு அடிபட்டால், அவர் முதலாளியிடம் இழப்பீடு கேட்க இடம்தரும் 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் குறுக்கே வரும். அதற்கும் தனிச் சேர்க்கை வேண்டும். இடித்துவிட்டுப் போன படகுக்குக் காப்பீடு இல்லையென்றால் காயத்துக்கு ஈடு தரும் பிரிவு விலை குறைவானது. காப்பீடு கட்டாயமில்லாத நாட்டில் அதை விட்டுவிடுவது புத்திசாலித்தனமல்ல.

பழைய படகுக்குக் காப்பீடு கேட்டால் நிறுவனம் முதலில் கேட்பது சர்வேயர் அறிக்கை. படகை நீரிலிருந்து தூக்கி, அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்து, மதிப்பையும் குறைகளையும் அவர் எழுதுவார். அந்த அறிக்கையின் கடைசியில் சரிசெய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அவற்றைச் செய்து முடித்ததாக உரிமையாளர் கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும். செய்யாததைச் செய்ததாக எழுதினால் அந்தக் கடிதமே பின்னால் எதிர்ச்சாட்சி ஆகும். ஆண்டுப் பிரீமியம் படகு மதிப்பில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கலாம்; புயல் கரைகளில் அதைத் தாண்டும். முகவர் தரும் ஒரு பக்கச் சுருக்கத்தை நம்பிப் பணம் கட்டாமல், முழுப் பத்திரத்தின் வாசகத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் நிறுவனத்திடம் பாலிசி எடுக்காதீர்கள்.