கொழுந்து இறங்குமுன்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே தேயிலை ஆகும் விதத்தை நேயர்கள் நன்கறிவர். கொழுந்து வந்து இறங்குமுன்னரே டீமேக்கர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிடுவார். வாட்டும் தட்டுகள் சீராக உள்ளனவா? உருட்டும் இயந்திரம் ஓடுகிறதா? அடுப்புக்கு விறகு உண்டா? ஒன்று குறைந்தாலும் அன்றைய கொழுந்து பாழ். கடையிலே தூள் வாங்குபவருக்கு இக்கவலை இல்லை.

கணினி நிரல்களிலும் இவ்வாறே. யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் போன்ற முறைமைகளிலே, ஆக்கிமுடித்த நிரலையும் பெறலாம். மூலநிரலைப் பெற்றுத் தாமே ஆக்கிக்கொள்ளலும் கூடும். பின்னதிலே டீமேக்கரின் பணியைச் செய்வது ‘கொன்பிகர்’ என்னும் கட்டளைக் கோப்பு. இத்தகைய கோப்புகளை எழுதித்தரும் ‘ஓட்டோகொன்ப்’ என்ற கருவி 1991இல் தோன்றியது. கொன்பிகர் வெறுமனே எட்டிப் பார்ப்பதில்லை. நாலைந்து வரியில் ஒரு சிறு நிரலை எழுதி, அது இக்கணினியிலே உருப்பெறுகின்றதா என்று செய்தே பார்க்கும்.

இலங்கை நிரலாளர் பலரின் உழைப்பால் உருவாகி, 2007இல் தன் 1.0 பதிப்பைக் கண்ட ‘அக்ஸிஸ்2/சி’யை எடுத்துக்கொள்வோம். வெவ்வேறு கணினிகளிலுள்ள நிரல்கள் தம்முள் செய்தி பரிமாற அது துணைசெய்வது. அதனை ‘அப்பாச்சி’ என்னும் இணையச் சேவை நிரலோடு பொருத்த வேண்டுமாயின், ‘வித்-அப்பாச்சி2’ என்று கொன்பிகருக்குச் சொல்லி, உரிய கோப்புகள் இருக்கும் இடத்தையும் காட்டவேண்டும்.

இடறல் இங்கேதான். தோட்டப் பாடசாலை மாணவன் ஒருவன் இதனை முயல்கிறான் என்க. அவன் கணினியில் அப்பாச்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. கொன்பிகரோ இல்லையென்று நின்றுவிடுகிறது. அவன் அப்பாச்சியையே மீண்டும் இறக்குகிறான். கைபேசியில் போட்ட காசு தீர்கிறது, விடை மாறவில்லை. கொன்பிகர் பொய் சொல்லவில்லை. ஓடுவதற்கு வேண்டியது வேறு, ஆக்குவதற்கு வேண்டியது வேறு. அப்பாச்சியிடம் எந்த வேலையை எவ்வாறு கேட்பது என்று விவரிக்கும் தலைப்புக் கோப்புகள், ‘எச்டிடிபிடி.எச்’ போன்றவை, ஆக்குபவருக்கே தேவை. ஆகையால் டெபியன் முறைமையிலே அவற்றை ‘அப்பாச்சி2-டெவ்’ என்ற தனிப் பொதியாக வைத்துள்ளனர். அதை நிறுவினால் போதும்.

எது குறைந்ததென்பதைக் கொன்பிகர் ‘கொன்பிக்.லொக்’ என்ற பதிவேட்டிலே எழுதிவைக்கிறது. அது நீண்டு கிடப்பதைக் கண்டு மிரளுவோரே பலர். கொன்பிகர் நின்றுவிட்ட இடத்திலே பதிவான பிழையைத் தேடிப் படித்தால் காரணம் பெரும்பாலும் அகப்படும்.

‘வித்-அப்பாச்சி2’ என்பதைச் சொல்ல மறந்தாலோ தடையே எழாது. வேலை ஒழுங்காக முடிந்ததுபோல் தோன்றும். அப்பாச்சியோடு பொருந்தும் பகுதி மட்டும் உள்ளே இராது.