தாத்தாவுக்கு மூன்று பிறந்தநாள்!

உங்கள் ஆபீஸில் ஐம்பதைத் தாண்டிய சீனியர்களின் பிறந்த தேதிகளைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் ஏகப்பட்ட கூட்டம் இருக்கும். எல்லாக் குழந்தைகளும் பேசி வைத்துக்கொண்டு பெரிய லீவில் பிறந்தார்களா, என்ன? ரகசியம் ரொம்ப சிம்பிள். அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் சர்டிபிகேட் எதுவும் கேட்க மாட்டார். "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடுடா" என்பார். தொட்டுவிட்டால் ஐந்து வயசு. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தை ஒட்டி ஒரு தேதி போடுவார். அவ்வளவுதான், பையன் பிறந்துவிட்டான்!

ஆம்பூரில் எங்கள் குடும்பத்து வம்சாவளி நோட்டை எழுதும் உத்தியோகம் சில வருஷமாக என் தலையில். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. அதில் என் தாத்தாவுக்கு மூன்று பிறந்தநாள்: பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று, அவர் வேலை பார்த்த டேனரியின் மஸ்டர் ரோலில் ஒன்று.

"ஜாதகம்தான்டா கரெக்டு" என்றார் மாமா. எடுத்துப் பார்த்தால், 'சித்திரபானு வருஷம், தை மாதம்'. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1882-ல் ஒரு சித்திரபானு, 1942-ல் ஒன்று, 2002-ல் ஒன்று. தாத்தாவுக்கோ அவருடைய தாத்தா பெயர்! அவரும் சித்திரபானுதான். ஒரே பெயர், ஒரே வருஷப் பெயர், நடுவில் அறுபது வருஷம். அசந்தால் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். காப்பாற்றியது ஒரு பழைய கிரயப் பத்திரம். 'இன்னார் மகன் இன்னார்' என்று தகப்பன் பெயரோடு எழுதியிருந்ததால் ஆள் பிரிந்தார்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. தை வருவதற்குள் இங்கிலீஷ் வருஷம் மாறிவிடும். ஆக, அந்தத் தை மாதம் 1942 அல்ல, 1943! எங்கள் தெரு முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு வேறு மாதிரி. ஹிஜ்ரி வருஷம் சுமார் 11 நாள் குட்டை. ஹிஜ்ரிப்படி 66 வயசு என்றால் இங்கிலீஷ் கணக்கில் 64தான்.

சரி, வயசுதான் குழப்பம், ஊராவது நிலையாக இருக்குமா? அதுவும் இல்லை! திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. வாணியம்பாடியும் அதற்குள்தான். பழைய பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்று பார்த்துவிட்டு, "நம்ம பூர்வீகம் சேலம்ப்பா" என்று யாராவது கிளம்பினால், பிடித்து உட்கார வையுங்கள். ஆம்பூர் கதையோ இன்னும் ஜோர். வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு எங்கள் பக்கம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் திருப்பத்தூர் மாவட்டம். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. விலாசம் மட்டும் ஊர் சுற்றியிருக்கிறது!

கடல் தாண்டிப் போனவர்களின் வாரிசுகளுக்கு இது தமாஷ் இல்லை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள், வட ஆற்காட்டுக்காரர்கள் உள்பட. கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயசு, ஜில்லா, கிராமம் எல்லாம் உண்டு. ஆனால் காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் போட்டுவிட்டார் குமாஸ்தா. ஊரைத் தேடும் கொள்ளுப்பேரனுக்கு அந்தத் தப்பும் தவறுமான ஸ்பெல்லிங்தான் ஒரே நூல். 'இது தப்பு' என்று தன் யூகத்தில் திருத்தி, பழையதைத் தூக்கிப் போட்டால் நூல் அறுந்தது.

எங்கள் வீட்டிலும் நூல் அறுந்தது. பெரியப்பாவுக்குக் குலதெய்வத்தின் பெயர், மூன்று முழ நீளம். வீட்டில் கூப்பிடுவது 'குட்டி'. டேனரியில் சேர்ந்த அன்று மேஸ்திரி அதையே எழுதிவிட்டார். முப்பது வருஷம் 'குட்டி'யாகவே பி.எஃப். பிடித்தார்கள். அவர் காலமான பிறகு குடும்பப் பென்ஷன் கேட்டுப் போனார் பெரியம்மா. "குட்டி யாரும்மா? உங்க வீட்டுக்காரர் பேரு வேறயா இருக்கே?" என்று ஃபைலை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

வம்சாவளி நோட்டைப் புரட்டினோம். எனக்கு முன்னால் அதை வைத்திருந்த சித்தப்பா, 'குட்டி' என்பது கௌரவக் குறைச்சல் என்று சுத்தமாக அழித்துவிட்டு, முழுப் பெயரை அழகாக எழுதி வைத்திருந்தார்! எட்டு மாதம் பெரியம்மா அலைந்தார். கடைசியில் ஓர் அத்தையின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது பெரியப்பாவின் கல்யாணப் பத்திரிகை. முழுப் பெயர், பக்கத்தில் '(எ) குட்டி'. அந்த ஒற்றை 'எ'தான் மற்றக் காகிதங்களுக்கெல்லாம் வழி திறந்தது. பென்ஷன் வந்தது.

சர்க்காருக்கு இந்த விஷயம் எப்போதோ தெரியும். 1969-ஆம் வருஷப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவைப் பாருங்கள். பதிவில் பிழை இருந்தால் பதிவாளர் பழைய வரியில் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட வேண்டும். நிலப் பத்திரத்தில் தப்பு இருந்தாலும் அதைக் கிழிப்பதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொன்று பதிவு செய்கிறோம்.

நம் வீட்டு நோட்டுக்கும் அதே சட்டம் போதும். தப்பை அழிக்காதீர்கள், மேலே ஒரு கோடு, படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானது, யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் பார்த்தது, என்றைக்குத் திருத்தியது. இரண்டு தேதி மோதினால் இரண்டையும் வையுங்கள். பாட்டிகளிடம் தேதி கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். "வாணியம்பாடியில வெள்ளம் வந்தப்போ எங்கம்மா கைக்குழந்தை" என்றால், அது 1903 நவம்பர் பாலாற்று வெள்ளமா என்று பாருங்கள். பொருந்தினால் ஹெட்மாஸ்டரைவிடப் பாட்டி பெட்டர்!

என் நோட்டில் தாத்தாவுக்கு இன்னமும் மூன்று பிறந்தநாள்தான். தை மாதத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு டிக் அடித்திருக்கிறேன். பென்சிலோடு ரப்பர் இலவசம் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.