எறிந்த ஊசி எங்கே போகிறது?



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் மருந்தகத்தில் ஊசி என்பது எறியும் பொருள் அன்று. கம்பவுண்டர் அதனைக் கண்ணாடிச் சிரிஞ்சுடன் தட்டிலிட்டு அடுப்பில் கொதிக்க வைப்பார். முனை மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வார். அப்படித் தீட்டிய ஊசியின் பெருமையை என் தோள் இன்னும் மறக்கவில்லை! சரியாகக் கொதிக்காத ஊசி ஒருவர் நோயை மற்றொருவருக்குக் கொண்டு சென்றது. அதனால் ஒருமுறைக்கே பயன்படும் ஊசி வழக்கில் வந்தது. நன்மைதான், ஆயினும் அன்றுதொட்டு ஊசி குப்பையாயிற்று.

கூரிய கருவி ஒன்று பல்கலைக்கழகத்தில் செய்த தீங்குக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பேராசிரியர் யாக்கோபு கொல்லெச்கா பிணப் பரிசோதனை ஒன்றில் ஈடுபட்டிருந்தார். உடனிருந்த மாணவனின் கத்தி தவறி அவர் விரலைக் குத்திற்று. சிறு காயமே; ஆனால் சில நாள்களில் அவர் மாண்டார். பேறுகால மனையில் பணியாற்றிய அவர் நண்பர் செம்மல்வைஸ், இறந்தவருடைய பரிசோதனை அறிக்கையைப் படித்தார். பிள்ளை பெற்ற தாய்மாரைக் கொல்லும் காய்ச்சலின் அடையாளங்களே அதில் இருக்கக் கண்டு திடுக்கிட்டார். பிணத்திலிருந்து நஞ்சு கை வழியாகவும் கத்தி வழியாகவும் செல்கிறது என்று உணர்ந்தார். மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவவேண்டும் என்று அவர் விதித்தது இதன்பின்னரே. கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது.

இன்று அந்த நஞ்சுகளின் பெயர்களை அறிவோம். தடுப்பூசி போடாத ஒருவரை 'பி' வகைக் கல்லீரல் அழற்சி நோயாளியின் ஊசி குத்தினால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை அந்நோய்க்கு ஆளாகலாம். 'சி' வகையில் அதனினும் மிகக் குறைவு; எச்.ஐ.வி.யில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 பேர். 'பி' வகைக் கிருமி உலர்ந்த குருதியிலும் ஏழு நாள் உயிர்த்திருக்க வல்லது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியே போதும்.

பல்கலைக்கழகத்தில் ஊசிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நலவாழ்வு மையம், குருதிக்கொடை முகாம், நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம், ஆய்வு விலங்குகளின் மனை ஆகிய யாவும் ஊசியையும் கத்தியையும் கழிப்பவையே. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகள் கல்வி நிலையங்களையும் கட்டுப்படுத்துவன. பள்ளியின் முதலுதவி அறையும் அவற்றுக்கு விலக்கன்று. தலைமையாசிரியனாக நெடுங்காலம் இருந்த எனக்கே அது பிந்தித்தான் தெரிந்தது.

அவ்விதிகளின்படி ஊசி, கத்தி, பிளேடு ஆகியவை ஒளி ஊடுருவும் வெள்ளைப் பெட்டியில் சேரவேண்டும். துளைக்க முடியாததும், ஒழுகாததும், ஒருமுறை மூடினால் திறக்க இயலாததுமான பெட்டி அது. ஊசி நீங்கிய பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குச் சிவப்பு. உடைந்த கண்ணாடி மருந்துக் குப்பிக்கு நீலம். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடியும் மூடி மாட்டுதல் கூடாது. மூடியைப் பிடித்த விரலையே அது குத்தும். பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். வண்டியில் சென்ற பெட்டி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுத்த நீராவியாலோ உலர் வெப்பத்தாலோ கிருமி நீங்கப்பெறும். பின்னர் ஊசிகள் துண்டாக்கப்பட்டு இரும்பு வார்ப்பாலைக்கோ, கான்கிரீட்டுக் குழிக்கோ செல்லும். நேற்றுக் குருதி எடுத்த ஊசி நாளை உருகிய இரும்பாகலாம்!

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு ஒழுங்கு. விடுதியிலோ?

என் பழைய மாணவர் ஒருவர் பணியாற்றும் பல்கலைக்கழகத்துக்கு ஒருமுறை சென்றிருந்தேன். அன்று காலை விடுதிக் குப்பையைப் பிரித்த துப்புரவுப் பணியாளர் அம்மாவின் விரலில் இன்சுலின் ஊசி ஒன்று ஏறிவிட்டது. அவர் விரலை வாயில் வைக்கப் போனார். என் மாணவர் தடுத்து, ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவச் செய்தார். வாயில் வைத்தலும், காயத்தைப் பிதுக்குதலும் தவறு. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குதல் நன்று. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை.

"ஐயா, எனக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்று அவ்வம்மையார் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என்ன சொல்ல? ஊசிக்கு உரியவர் யாரென்று தெரிந்தால் அவர் குருதியைச் சோதித்து விடை கூறலாம். இருநூறு மாணவர் வாழும் விடுதி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மருத்துவமனையில் மருந்தும் தடுப்பூசியும் தொடங்கினார்கள்.

மாலையில் முதலாண்டு மாணவன் ஒருவன் காப்பாளர் அறைக்கு வந்து நின்றான். தனக்கு நீரிழிவு என்பதை உடன் பயில்வோர் அறிந்துவிடுவார்களே என்று அஞ்சி, ஊசிகளைத் தாளில் சுற்றி எறிந்துவந்தானாம். அன்றே அவன் குருதி கொடுத்தான்; அதில் மூன்று கிருமிகளும் இல்லை என முடிவு வந்தது. அந்த அம்மையாரிடம் அவனே சென்று அதைக் கூறினான். நான் ஊர் திரும்பும் முன்பே, விடுதிக் காப்பாளரின் அறைக்கு வெளியே வெள்ளைப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. யார் போடுகிறார்கள் என்று எவரும் பாராதபடி, தூணுக்குப் பின்னால் அதனை வைக்கச் சொன்னவன் அந்த மாணவனே.