ஆழ்கடல் ஏன் உறைவதில்லை?

தில்லியின் தை மாதக் காலைகளில் குழாய்த் தண்ணீரில் கை நனைக்க நாம் தயங்குகிறோம். வெப்பநிலை 4 டிகிரி செல்சியசுக்கு இறங்கும் நாள்களும் உண்டு. அதனினும் குளிர்ந்த நீர், கோடையிலும் மாறாமல், நம் நாட்டைச் சூழ்ந்த கடலின் அடியில் கிடக்கிறது. அரபிக் கடலின் மேற்பரப்பு 28 டிகிரி வெப்பத்தில் இருக்கையில், 3000 மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய 2 டிகிரிதான். வெப்ப மண்டலக் கடலுக்கு இக்குளிர் எங்கிருந்து வந்தது? அந்நீர் ஏன் பனிக்கட்டியாக உறையவில்லை?

கதிரவன் ஒளி எட்டாததே காரணம் என்பது பாதி விடைதான். ஒளி எட்டாவிடினும், மேற்பரப்பின் வெப்பம் காலப்போக்கில் கீழே பரவி அடிநீரையும் வெதுவெதுப்பாக்கியிருக்கும். புதிய குளிர்நீர் இடையறாது வந்து சேர்வதால்தான் அவ்வாறு நேரவில்லை. வடக்கே ஆசியக் கண்டம் அடைத்து நிற்பதால், இந்தியப் பெருங்கடலுக்கு அந்நீர் தெற்கிலிருந்தே வருகிறது. அண்டார்க்டிகாவை ஒட்டிய கடல்நீர் கடுங்காற்றில் குளிர்கிறது. அதில் ஒரு பகுதி உறையும்போது உப்பு வெளியேற்றப்படுகிறது. எஞ்சிய நீர் மேலும் உவர்ப்பாகி, கனத்துத் தாழ்ந்து, கடலடி வழியே வடக்கு நோக்கி நகர்கிறது. இப்பயணத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன.

உறையாமைக்கான விடையும் இதிலேயே அடங்கியுள்ளது. பனிக்கட்டி நீரைவிட இலேசானது. அது மேலே மிதக்கும். கீழே இறங்குவது உறையாத நீர் மட்டுமே. நன்னீர் 0 டிகிரியில் உறையும். உப்பு கலந்த கடல்நீரோ மைனஸ் 1.9 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆழத்தின் அழுத்தம் அந்த எல்லையை ஒவ்வோர் 1000 மீட்டருக்கும் ஏறக்குறைய முக்கால் டிகிரி மேலும் தாழ்த்துகிறது. கடலடியிலோ அந்நீரை மேலும் குளிர்விக்க எதுவும் இல்லை. பூமியின் உள்வெப்பம் சிறிதளவு சூடேற்றவே செய்கிறது.

இக்குளிர் நமக்குக் குடிநீராகவும் பயன்படுகிறது. இலட்சத்தீவின் பவளத்தீவுகளில் ஆறுகள் இல்லை. கிணற்று நீரிலும் உவர்ப்பு ஏறுகிறது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தியில் ஒரு நிலையத்தை நிறுவியது. மேற்பரப்பின் வெப்பமும் ஆழத்தின் குளிரும் சந்திக்கும் இடைப்பகுதியில், ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்திலிருந்து, 12 டிகிரி அளவிலான நீரை அங்குக் குழாய்வழி மேலேற்றுகின்றனர். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்தில் மேற்பரப்பு நீரின் சிறு பகுதி, அடுப்பின்றியே ஆவியாகிறது. ஆழத்து நீர் ஓடும் குழாய்களைத் தொட்டதும் அந்த ஆவி நன்னீராகிறது. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தருமாறு அது வடிவமைக்கப்பட்டது. பின்னர் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் இம்முறை சென்றது.

தில்லி லோதி சாலையிலுள்ள பிருத்வி பவனில் இயங்கும் புவி அறிவியல் அமைச்சகம் இப்பணிகளுக்குப் பொறுப்பேற்றுள்ளது. 4077 கோடி ரூபாய் மதிப்பிலான அதன் ஆழ்கடல் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது. கடலிலிருந்து ஆற்றலும் நன்னீரும் பெறுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் மத்ஸ்யா 6000 கலமும் அதன்கீழ் உருவாகிறது.

ஆழ்கடலின் குளிர், துருவக் குளிர்காலங்கள் நெடுங்காலமாகச் செலுத்திவரும் வைப்பு. புவி வெப்பமாதலால் சேரும் மிகைவெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலே ஏற்கிறது. அண்டார்க்டிகாவின் அடிநீரும் அண்மைப் பத்தாண்டுகளில் சற்றே வெப்பமடைந்திருப்பதை அளவீடுகள் காட்டுகின்றன. சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் பிடித்த இருப்பு குறைந்தால், அதை ஒரு தலைமுறையில் மீட்க இயலாது. அதனைக் கருத்தோடு காப்பது நம் கடமை.